13,000 பெயர்களைக் கோட்டுக்குள் மறைத்து வந்த இளைஞன்! - ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் கதை

போரில் ஜெயித்து வந்தால் மாலை. போர்க்களத்தில் செத்தால் நடுகல். உயிரோடு பிடிபட்டால்?

பிடிபட்ட சிப்பாயைப் பற்றி யாரும் பாட்டு எழுதுவதில்லை. பிடித்தவனுக்கு அவன் தண்டச்சோறு. அனுப்பிய அரசுக்கு, கணக்கில் குறைந்துபோன ஓர் ஆள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அவன் இன்னும் மகன், கணவன், அப்பா. ஆனால் அவர்களுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியாது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் இதற்கு மிகக் கசப்பான சாட்சி. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனிக் கூட்டமைப்பு கண்டன. வடக்கும் தெற்கும் மோதின. அந்த நான்கு ஆண்டுகளில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 4 லட்சம் பேர் சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 56,000 பேர் திரும்பி வரவே இல்லை. பெரும்பாலானவர்களைக் கொன்றது தோட்டா அல்ல. பசி, சீதபேதி, அம்மை, குளிர்!

அந்த 56,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் ஒரே ஓர் இடத்தில் இறந்தார்கள். அந்த இடத்தின் பெயர் ஆண்டர்சன்வில். அவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன என்றால், அதற்குக் காரணம் அங்கே கைதியாக இருந்த 19 வயதுப் பையன் ஒருவன்.

கைதிகளுக்கும் விலைப்பட்டியல்!

போரின் தொடக்கத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 1862 ஜூலையில் இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் ஒரு பட்டியலே இருந்தது. ஒரு தலைமைத் தளபதியை விடுவித்தால் பதிலுக்கு 60 சிப்பாய்கள். ஒரு கர்னலுக்கு 15 பேர். ஒரு சார்ஜென்ட்டுக்கு 2 பேர். கேட்க ஏதோ சந்தை பேரம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பேரம் நடந்தவரை கைதிகள் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

1863-ல் அது முறிந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வடக்குப் படையில் சேர்ந்து சண்டையிட்டார்கள். அவர்கள் பிடிபட்டால் போர்க்கைதிகளாக நடத்த மாட்டோம், அவர்கள் எங்கள் அடிமைகள் என்றது தெற்கு. எங்கள் சீருடை அணிந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு ஒன்றுதான் என்றது வடக்கு. பரிமாற்றம் நின்றது.

வடக்கு சொன்னது நியாயம். ஆனால் அதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. விடுதலையாகும் தென்னகச் சிப்பாய் மறுபடியும் துப்பாக்கி ஏந்தி வருவான். தெற்கிடமோ மாற்று ஆள் இல்லை. எனவே பரிமாற்றம் இல்லாமல் இருப்பதே போரைச் சீக்கிரம் முடிக்கும் என்று வடக்கின் தளபதி யுலிசஸ் கிராண்ட் கருதினார். ஆண்டர்சன்வில்லில் இருந்த கைதிகள், எங்களை மீட்டுக்கொள்ளுங்கள் என்று தங்கள் அரசுக்கே மனு எழுதினார்கள். பலன் இல்லை.

கொள்கைக்கும் கணக்குக்கும் விலை கொடுத்தது, வேலிக்குள் இருந்தவன்.

இரண்டு கட்டில் போடும் இடம்

தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில், பைன் மரக்காடுகளுக்கு நடுவே 1864 பிப்ரவரியில் திறக்கப்பட்டது ஆண்டர்சன்வில் முகாம். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின அடிமைகள்தான் அதைக் கட்டினார்கள். 15 அடிக்கும் அதிக உயரமான மரக்கட்டைகளை நட்டு ஒரு பெரிய பட்டி. அவ்வளவுதான் முகாம். உள்ளே கைதிகளுக்குக் கூரை கிடையாது, கொட்டகை கிடையாது, கூடாரம்கூடக் கிடையாது.

10,000 பேருக்காகத் திட்டமிட்ட இடம் அது. பதினாறரை ஏக்கராக இருந்ததை ஜூனில் இருபத்தாறரை ஏக்கராக விரித்தார்கள். ஆனால் ஆகஸ்டில் உள்ளே இருந்தவர்கள் சுமார் 33,000 பேர். பங்கு போட்டால் ஒருவருக்கு 35 சதுர அடி. நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் இரண்டைப் போட்டால் நிறைந்துவிடும். அதிலும் நடுவே ஓடிய சேற்று நிலத்தைக் கழித்துவிட வேண்டும்.

வேலியிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, குச்சிகளின் மேல் மெல்லிய சட்டம் ஒன்று ஓடியது. அதைத் தாண்டினால் மேடையில் நிற்கும் காவலர் சுடலாம். எச்சரிக்கைகூடத் தேவையில்லை. அதன் பெயர் ‘டெட்லைன்’. இன்று அலுவலகத்தில் நாம் சாதாரணமாகச் சொல்கிற அந்த வார்த்தை, அன்று இந்தச் சட்டத்தைத்தான் குறித்தது.

கைதிகள் தங்களிடம் இருந்த கம்பளி, கிழிந்த கோட்டு, மரக்கிளை எதையாவது வைத்துக் குடிசை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதுவும் இல்லாதவர்கள் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் படுத்தார்கள். சுற்றிலும் காடு. ஆனால் வெட்டி வந்து கூரை போட அனுமதி இல்லை. சமைக்கப் போதுமான விறகும் இல்லை.

ஒரே ஓடை

முகாமின் நடுவே ஒரு சிறிய ஓடை ஓடியது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கீழ்ப்பகுதி கழிப்பிடம். ஆனால் ஓடை முகாமுக்குள் நுழைவதற்கு முன்பே, மேலே இருந்த சமையல்கூடத்தின் எண்ணெயும் காவலர் குடியிருப்பின் கழிவும் அதில் கலந்துவிடும். அழுக்கு நீர்தான் உள்ளேயே வந்தது. 33,000 பேர் புழங்க, ஓடையின் இரு கரையும் மலமும் சேறுமான சதுப்பாகிப் போனது.

சாப்பாடு என்பது மக்காச்சோள மாவு. கதிரின் நடுத்தண்டோடு சேர்த்து அரைத்த கரடுமுரடான மாவு. பல நாள்கள் அதைப் பச்சையாகவே கொடுத்தார்கள். சமைக்கப் பாத்திரமும் விறகும் இல்லாதவன் என்ன செய்வான்? ஏற்கெனவே புண்ணாகியிருந்த குடலை அது இன்னும் கிழித்தது. காய், பழம் கண்ணிலேயே படாததால் ஸ்கர்வி நோய் பரவியது. உடம்பில் வைட்டமின் ‘சி’ இல்லாமல் போனால் வரும் நோய் அது. ஈறு வீங்கி அழுகும். பல் ஆடும். ஆறிப்போன பழைய காயம்கூடத் திரும்பப் பிளக்கும். ஓர் எலுமிச்சம்பழத்தில் தீரக்கூடிய நோய்க்கு ஆயிரக்கணக்கானவர்கள் பலியானார்கள்.

பசி மனிதர்களையும் மாற்றியது. கைதிகளிலேயே சிலர் கும்பலாகச் சேர்ந்து, பலவீனமானவர்களை அடித்துப் பிடுங்கினார்கள், கொலையும் செய்தார்கள். பொறுக்க முடியாத மற்றவர்கள் திரண்டு அவர்களைப் பிடித்தார்கள். முகாம் அதிகாரியின் அனுமதியோடு கைதிகளே நீதிமன்றம் அமைத்து விசாரித்தார்கள். 1864 ஜூலை 11 அன்று, கைதிகள் போட்ட தீர்ப்பின்படி ஆறு கைதிகள் முகாமுக்குள்ளேயே தூக்கிலிடப்பட்டார்கள்.

இறந்தவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகக் கைதிகளுக்குள் போட்டி இருந்தது. பாசத்தால் மட்டும் அல்ல. பிணத்தை வெளியே வைத்துவிட்டுத் திரும்பும்போது நாலு சுள்ளி பொறுக்கி வரலாம், அதற்காக!

அந்த ஆகஸ்டில் பெருமழை கொட்டியது. மழை ஓய்ந்தபோது முகாமுக்குள் ஓரிடத்தில் நல்ல தண்ணீர் ஊற்று பீறிட்டது. கடவுளே திறந்துவிட்டார் என்று கைதிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ‘பிராவிடன்ஸ் ஊற்று’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அதே ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். தினமும் சராசரியாக நூறு பேர்.

பதிவேட்டின் முன் உட்கார்ந்த கைதி

டோரன்ஸ் அட்வாட்டர், கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர். 16 வயதில் வடக்குக் குதிரைப்படையில் சேர்ந்தார். 1863 ஜூலையில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த சில நாள்களில் பிடிபட்டார். ரிச்மண்டில் சில மாதங்கள் சிறை. பிறகு ஆண்டர்சன்வில். அங்கே நோயில் விழுந்து தேறியவரை, 1864 ஜூனில் மருத்துவ அலுவலகத்தில் எழுத்தராக உட்கார வைத்தார்கள். வேலை, அன்றன்று இறந்தவர்களின் பட்டியலை எழுதுவது.

பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, காரணம், வரிசை எண். வெளியே மயானத்தில் பிணங்களைச் சவப்பெட்டி இல்லாமல், நீளமான பள்ளத்தில் தோளோடு தோள் நெருக்கிக் கிடத்தினார்கள். ஒவ்வொருவரின் தலைமாட்டிலும் ஒரு முளைக்குச்சி. குச்சியில் ஓர் எண். பதிவேட்டில் இருக்கும் அதே எண்.

அட்வாட்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. போர் முடிந்ததும் இந்தப் பதிவேடு வடக்குக்கு வந்து சேருமா? அது காணாமல் போனால் மயானத்தில் மிஞ்சுவது வெறும் எண்கள்தான். எந்த எண் யாருடைய பிள்ளை என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே யாருக்கும் தெரியாமல் தனக்கென ஒரு பிரதி எழுத ஆரம்பித்தார்.

அன்றன்றைய பட்டியலை ஒருமுறை முகாமுக்காக, ஒருமுறை தனக்காக. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1865-ன் தொடக்கத்தில் பரிமாற்றம் திரும்பத் தொடங்கி அவர் விடுதலையானபோது, அந்தப் பட்டியலைக் கோட்டின் உள்துணிக்குள் மறைத்து எடுத்து வந்தார். அப்போது அவருக்கு வயது 20.

எண்ணுக்குப் பெயர் வந்த நாள்

அதே சமயம் வாஷிங்டனில் கிளாரா பார்ட்டன் என்ற பெண்மணி, காணாமல் போன சிப்பாய்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர் இவர்தான். என் மகன் எங்கே, என் கணவர் இருக்கிறாரா என்று அவருக்கு 63,000-க்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. அட்வாட்டர் தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பற்றி அவருக்கு எழுதினார்.

1865 ஜூலையில், ராணுவம் அனுப்பிய குழுவோடு இருவரும் ஆண்டர்சன்வில்லுக்குப் போனார்கள். முளைக்குச்சியில் இருந்த எண்ணைப் பட்டியலில் பார்த்து, பெயர் எழுதிய பலகையை நட்டார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ 13,000. ஆகஸ்ட் 17 அன்று அங்கே தேசியக்கொடியை ஏற்றினார் கிளாரா பார்ட்டன். பெயர் தெரியாமல் மிஞ்சிய கல்லறைகள் சுமார் 460 மட்டுமே.

நம் வீடுகளில் திதி கொடுக்க இறந்த நாள் தெரிய வேண்டும். செய்தியே வராத வீட்டில் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அட்வாட்டரின் பட்டியலால் யாரும் உயிர் பிழைக்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு முடிந்தது. அழுவதற்கு ஒரு தேதி கிடைத்தது.

அட்வாட்டருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சிறை! பட்டியல் அரசுக்குச் சொந்தமா, அவருக்குச் சொந்தமா என்று தகராறு வந்தது. தன் பிரதியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பித் தர மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. எதிரியின் முகாமிலிருந்து தப்பி வந்தவர் சொந்த அரசின் சிறையில் சில மாதங்கள் இருந்தார். வெளியே வந்ததும் 1866-ல் நியூயார்க் டிரிபியூன் மூலம் முழுப் பட்டியலையும் வெளியிட்டார். இனி யாரும் அதைப் பூட்டிவைக்க முடியாது!

வடக்கு மட்டும் யோக்கியமா?

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால், தெற்கு கொடுமையானது, வடக்கு நல்லது என்று முடித்துவிடலாம். அப்படி இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் 1864 ஜூலையில் வடக்கும் ஒரு முகாமைத் திறந்தது. சுமார் 12,000 தென்னகக் கைதிகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். நாலில் ஒருவர்! முகாமுக்குள் தேங்கிய குட்டை சாக்கடையாக நாறியது. வெப்பமான ஊர்களிலிருந்து வந்தவர்கள் பனிக்காலத்தில் கூடாரத்தில் நடுங்கினார்கள். அம்மையும் வந்தது. வேலிக்கு வெளியே சிலர் உயரமான மேடை கட்டி, காசு வாங்கிக்கொண்டு கைதிகளை வேடிக்கை காட்டினார்கள்.

தெற்கில் பஞ்சம் இருந்தது. சொந்தப் படைக்கே சோறு இல்லை. அதை ஒரு சாக்காகவாவது சொல்லலாம். வடக்கில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் ஆட்களை நீங்கள் பட்டினி போடுகிறீர்கள் என்று, 1864-ல் கைதிகளின் உணவு அளவைத் தெரிந்தே குறைத்தார்கள். போர் முடிந்தபோது, கைதிகளுக்காக ஒதுக்கிச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த 18 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை, கைதிகளுக்குப் பொறுப்பான அதிகாரி அரசு கஜானாவில் திருப்பிச் செலுத்தினார்.

எல்மைராவிலும் ஒருவர் பெயர்களை எழுதினார். அவர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1844-ல் தப்பி வடக்கே வந்தவர். மயானப் பொறுப்பாளராக இருந்த அவரிடம்தான் இறந்த கைதிகளை அடக்கம் செய்யும் வேலை வந்தது. ஓர் அடக்கத்துக்கு இரண்டரை டாலர் கூலி. தன்னை அடிமையாக வைத்திருந்த சமூகத்துக்காகப் போரிட்டவர்கள் அவர்கள். ஏனோதானோ என்று புதைத்திருந்தாலும் அன்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவர் ஒவ்வொருவரின் பெயரையும் படைப்பிரிவையும் இறந்த நாளையும் கவனமாகக் குறித்து வைத்தார். 2,973 பேரை அடக்கம் செய்தார். அவர்களில் பெயர் தெரியாதவர்கள் வெறும் ஏழு பேர்!

தண்டனை யாருக்கு?

ஆண்டர்சன்வில் சிறைப்பட்டியின் தலைமை அதிகாரியாக இருந்த கேப்டன் ஹென்றி விர்ஸ், 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். மேலிடத்து உத்தரவைத்தான் செய்தேன் என்பது அவரது வாதம். அவர் கொடுமைக்காரரா, பலிகடாவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1909-ல் தென்னகப் பெண்கள் அமைப்பு ஒன்று ஆண்டர்சன்வில் ஊரிலேயே அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியது. எல்மைராவுக்காகவோ, உணவைக் குறைத்த உத்தரவுக்காகவோ யாரும் கூண்டில் ஏறவில்லை. ஜெயித்தவரின் முகாமை யாரும் விசாரிப்பதில்லை.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. ஆண்டர்சன்வில் திறப்பதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, 1863 ஏப்ரலில், லிங்கன் அரசு தன் படைகளுக்குப் போர் விதிகளை வெளியிட்டிருந்தது. கைதியைப் பழிவாங்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, உடம்புக்கு ஆகும் எளிய உணவு தர வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதிய அரசே எல்மைராவில் அதை மறந்தது.

1949 ஜெனீவா ஒப்பந்தம் இன்னும் விரிவாக எழுதியது. போர்க்கைதி தான் பிடிபட்டதைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கத் தகவல் அட்டை அனுப்பலாம். ஒவ்வொரு கைதியின் விவரத்தையும் பதிய அலுவலகம் இருக்க வேண்டும். இறந்தால் கல்லறையில் அடையாளம் வைத்துப் பதிவுசெய்ய வேண்டும். அட்வாட்டர் திருட்டுத்தனமாகச் செய்ததும், ஜோன்ஸ் யாரும் கேட்காமலே செய்ததும் இன்று சட்டம்!

ஆனால் ஒரு சிக்கல். இந்த விரிவான விதிகள் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்குத்தான். ஒரே நாட்டுக்குள் நடக்கும் போருக்கு அந்த ஒப்பந்தங்களில் பொருந்துவது ‘பொது ஷரத்து 3’ மட்டும்தான். சரணடைந்தவனை மனிதத்தன்மையோடு நடத்து, சித்திரவதை செய்யாதே, கொல்லாதே என்கிறது அது. 1977-ல் கூடுதல் விதிகள் வந்தாலும், எல்லா நாடுகளும் அதில் கையெழுத்துப் போடவில்லை. சொந்த நாட்டுக்காரனையே எதிரியாகப் பிடிக்கும்போது, அவனைப் போர்க்கைதி என்று ஒப்புக்கொள்ள எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை. துரோகி என்று பெயர் வைத்துவிட்டால், பதிவேடு எதற்கு?

அதனால்தான் உள்நாட்டுப் போரில் பிடிபட்ட எவருக்கும் முதல் பாதுகாப்பு, தன் பெயர் எங்காவது எழுதப்பட்டிருப்பதுதான். பெயர் எழுதப்பட்டால், இவன் எங்கே என்று யாராவது கேட்க முடியும். கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஆண்டர்சன்வில் இப்போது தேசிய நினைவிடம். 1998 முதல் போர்க்கைதிகளுக்கான அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. மயானத்தில் மரப்பலகைகளுக்குப் பதில் வெள்ளைப் பளிங்குக் கற்கள் நிற்கின்றன. மற்ற ராணுவ மயானங்களில் கற்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும். இங்கே அவை ஒன்றையொன்று தொடுவது போல நெருக்கமாக நிற்கின்றன. கீழே அவர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடப்பதால்தான் அப்படி. ஒவ்வொரு கல்லிலும் அந்தப் பழைய எண், அதன் கீழே ஒரு பெயர்.

சுமார் 460 கற்களில் மட்டும், பெயருக்கான இடத்தில் ‘அறியப்படாதவர்’ என்று இருக்கிறது.